செல் கட்சி மாறும் வழி: தட்டிலும் முட்டையிலும் ஈஎம்டி பார்த்த பதிவு

எபிதீலிய செல் பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, மேல் கீழ் என்ற திசையோடு, பேஸ்மென்ட் சவ்வின் மேல் விரிப்பாக உட்கார்ந்திருக்கும். மீசன்கைம செல் தனி ஆள். நீளமாக, முன்பக்கம் பின்பக்கம் என்று திசை வைத்துக்கொண்டு, கொலாஜன் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். முதலாவது இரண்டாவதாக மாறுவதை (எபிதீலியல்-மீசன்கைமல் டிரான்சிஷன்) லேபில் ஈஎம்டி என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறோம். கரு மூன்று அடுக்காகப் பிரிவதற்கும், நரம்பு முகட்டு செல்கள் முகத்துக்கும் தோலுக்கும் பயணம் போவதற்கும், இதய வால்வுக்கு அடித்தளம் விழுவதற்கும் இந்த மாற்றமோ இதன் உறவினரோ வேண்டும். வளர்ந்த உடலிலும் இதே வித்தை ஆங்காங்கே தலைகாட்டும்: தழும்பில், உறுப்புகள் நாராகிப் போகும் நோய்களில், புற்றுக்கட்டியின் ஓரத்தில்.

எங்கள் லேபில் புதிதாகச் சேரும் மாணவர்கள் கையால் செய்து பழக ஒரு ஈஎம்டி சோதனை தேவைப்பட்டது. மருந்தைச் சோதிப்பதற்கு முன், மருந்தில்லாமல் மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. அதை நிலைநிறுத்தியபோது குறித்துக்கொண்டவை இவை. புரோட்டோகால் தாளில் கிடைப்பதை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறேன். தாளில் எழுதாத இடங்களில் நிதானமாக நிற்கிறேன்.

எந்த செல்

பலரும் கையில் எடுப்பது ஏ549, மனித நுரையீரல் புற்று செல். வளர்ப்பது சுலபம். ஆனால் புற்றிலிருந்து வந்தது என்பதால் ஆரம்பத்திலேயே பாதி கலைந்த தோற்றம்; முன்னும் பின்னும் வைத்துக் காட்டும்போது மாணவருக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. எம்சிஎஃப்-10ஏ அழகான செல், ஆனால் அதன் மீடியத்துக்குக் குதிரை சீரம், ஈஜிஎஃப், ஹைட்ரோகார்ட்டிசோன், காலரா நச்சு என்று ஒரு பட்டியலே வாங்க வேண்டும். நாங்கள் எடுத்தது என்எம்யுஎம்ஜி, எலியின் பால்சுரப்பி எபிதீலியம். டிஎம்இஎம், 10 சதவீத சீரம், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின், அவ்வளவுதான். 1994இல் ரிக் டெரிங்க்கின் குழு டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்து மீசன்கைமத் தோற்றத்துக்கு மாறுவதைக் காட்டியதும் இதே செல்லில்தான். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்கள் நிறையக் கிடைக்கும்.

இந்த செல்லில் கவனிக்க வேண்டியது பாஸேஜ், அதாவது எத்தனை தடவை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றியிருக்கிறோம் என்பது. நெருக்கமாக வளரவிட்டு, மறந்துபோய், திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டே போனால், எதையும் கொடுக்காமலே ஓரத்தில் நீண்ட செல்கள் வரத் தொடங்கும். அந்தத் தட்டில் எந்தச் சோதனை செய்தாலும் பதில் குழப்பமாகத்தான் இருக்கும். ஆரம்ப பாஸேஜிலேயே நிறைய வயல் உறைய வைத்துவிட்டு, ஒரு வயல் திறந்து சில வாரம் ஓட்டி, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் திறப்பது நல்லது. செல் வளர்ப்பில் தெரியாமல் புகுந்துவிடும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிஜிஎஃப்-பீட்டா

வயல் வரும்போது அடியில் ஒன்றும் இல்லாதது போலத் தெரியும்; பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பிரிப்பதற்கு முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ். கரைக்க வெறும் தண்ணீரோ பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலோ கூடாது. 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு சீர ஆல்புமின்) சேர்த்துக் கரைக்க வேண்டும். காரணம், இந்தப் புரதம் நடுநிலைக் கரைசலில் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பிஎஸ்ஏ இல்லாமல் நீர்த்துப்போன கரைசலாக வைத்தால், டிப்பிலும் டியூபிலும் பாதி போய்விடும், செல்லுக்குப் போவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சிறு சிறு அலிகுவாட்டாகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்து, ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காமல் இருப்பது நலம். டிஜிஎஃப்-பீட்டா சேர்க்காத கன்ட்ரோல் வெல்லுக்கும் (தட்டின் குழி) அதே அமிலம், அதே பிஎஸ்ஏ, அதே கன அளவு போக வேண்டும்.

அளவு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். இதற்கு மேல் ஏற்றிப் பெரிய லாபம் தெரியவில்லை. கூடவே எஸ்பி-431542 என்ற தடுப்பானை 10 மைக்ரோமோலார் அளவில் ஒரு வெல்லுக்கு முன்கூட்டியே கொடுத்து, அதன்பின் டிஜிஎஃப்-பீட்டா சேர்க்கிறோம். முதலாம் வகை ரிசப்டரின் கைனேஸை அது அடக்கிவிடும். அந்த வெல்லில் செல் மாறாமல் இருந்தால்தான் மற்ற வெல்லில் வந்த மாற்றம் டிஜிஎஃப்-பீட்டாவால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

நெரிசல்

சோதனை சரியாக வருமா வராதா என்பதை டிஜிஎஃப்-பீட்டாவின் அளவைவிடத் தீர்மானிப்பது, அதைச் சேர்க்கும் நேரத்தில் தட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதுதான். செல்கள் தோளோடு தோள் நெருங்கிவிட்டால் செல்களுக்கு இடையேயான சந்திப்புகள் முதிர்ந்துவிடும். வளர்ச்சியை முடுக்கும் யாப் புரதம் நியூக்ளியஸை விட்டு வெளியே நிற்கும். டிஜிஎஃப்-பீட்டாவின் பேச்சு எடுபடாது. 30 முதல் 40 சதவீதம் நிறைந்திருக்கும்போது சேர்த்தால் ஒழுங்காக மாறும். ஒரே தட்டின் நடுவில் நெரிசல், ஓரத்தில் காலி என்று செல்கள் விழுந்திருந்தால் ஒரே வெல்லுக்குள் இரண்டு கதை நடக்கும். செல்லை ஊற்றியதும் தட்டை வட்டமாகச் சுழற்றும் பழக்கம் இங்கே ஆகாது. முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டிவிட்டு, ஹூடிலேயே சிறிது நேரம் அசையாமல் வைத்துவிட்டு, அப்புறம் இன்குபேட்டருக்கு.

தட்டின் கடினமும் பேசும். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் பால்சுரப்பித் திசு மிக மிக மென்மையானது. 2012இல் வந்த ஓர் ஆய்வு இதே என்எம்யுஎம்ஜி செல்லை மென்மையான ஜெல்லிலும் விறைப்பான ஜெல்லிலும் வைத்து டிஜிஎஃப்-பீட்டா கொடுத்தது. விறைப்பானதில் ஈஎம்டி; மென்மையானதில் செல்கள் சாகத் தொடங்கின. அதே செல், அதே மருந்து. பிளாஸ்டிக் தட்டில் நாம் பார்ப்பது, ஏற்கெனவே விறைத்துப்போன திசுவில் நடப்பதற்கு நெருக்கமானது என்று எடுத்துக்கொள்வதே சரி. நார்ப்பெருக்கம் வந்த உறுப்பிலும் கட்டியிலும் திசு விறைப்பாகத்தான் இருக்கிறது.

மணிக்கணக்கில்

சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே, டிஜிஎஃப்-பீட்டாவின் செய்தியை ஏந்திப் போகும் ஸ்மாட்2 புரதம் பாஸ்பேட் ஏறி நியூக்ளியஸுக்குள் போய்விட்டிருக்கும். சீக்கிரமே, மரபணுக்களை அடக்கும் ஸ்னெய்ல் என்ற புரதத்தின் ஆர்என்ஏ உயரும். 2000இல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டு இடத்துக் குழுக்களும் ஒரே நேரத்தில் காட்டியது இந்த ஸ்னெய்ல், பக்கத்துச் செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்துடைய மரபணுவின் முன்பகுதியில் உட்கார்ந்து அதை மூடுகிறது என்பதை. ஆனால் செல்லின் சந்திப்புகள் மரபணு மூடி, புரதம் தேய்ந்து தீரும்வரை காத்திருப்பதில்லை. டைட் ஜங்ஷன் என்ற இறுக்கமான சந்திப்பில் இருக்கும் பார்6 புரதத்தை டிஜிஎஃப்-பீட்டாவின் இரண்டாம் வகை ரிசப்டர் நேரடியாகத் தொட்டு மாற்றும், அது புரதங்களைச் சிதைவுக்குக் குறிக்கும் ஸ்மர்ஃப்1-ஐ அழைத்து, அந்த இடத்தில் ஆக்டினைக் கட்டுப்படுத்தும் ரோஏ புரதத்தைச் சிதைக்கும், சந்திப்பு தளரும். இதுவும் 2005இல் இதே செல்லில் கண்டுபிடித்ததுதான்.

ஒரு நாள் கழித்து ஃபேஸ் கான்ட்ராஸ்டில் பார்த்தால் செல்களுக்கு இடையே இருந்த பளிச்சென்ற கோடு மங்கியிருக்கும், செல்கள் பரந்து தட்டையாகியிருக்கும். இரண்டாம் நாள் கதிர் வடிவம் வந்துவிடும். கூட்டத்தை விட்டுச் சில செல்கள் தனியாக நிற்கும். கொஞ்சம் செத்தும் மிதக்கும். அது இயல்பு, டிஜிஎஃப்-பீட்டா இந்த செல்லின் வளர்ச்சியையும் அடக்கும், சிலவற்றைக் கொல்லவும் செய்யும்.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள், "செல்தான் நீண்டுவிட்டதே அக்கா, இதுவே போதாதா?" போதாது. சீரத்தைக் குறைத்தாலும், தட்டில் இடம் காலியாக இருந்தாலும் எபிதீலிய செல் நீளும். தோற்றம் எச்சரிக்கை மணி, அவ்வளவுதான்.

சாயம் ஏற்றும்போது

கவர்ஸ்லிப்பில் வளர்த்ததைக் கழுவும் பிபிஎஸ்ஸில் கால்சியமும் மக்னீசியமும் இருக்க வேண்டும். லேபில் வழக்கமாகக் கரைத்து வைத்திருக்கும் பிபிஎஸ் இரண்டும் இல்லாதது. கேட்ஹெரின் என்ற பெயரே கால்சியத்தோடு பிறந்தது. கால்சியம் போனால் அதன் பிடி தளரும். அவசரமில்லாமல் இரண்டு மூன்று தடவை அந்த பிபிஎஸ்ஸில் கழுவினால், டிஜிஎஃப்-பீட்டா பார்க்காத கன்ட்ரோல் செல்லிலும் எல்லைக்கோடு பிய்ந்ததுபோலத் தெரியும்.

இதன் இன்னொரு முகம், புரதத்தை வெட்டும் என்சைமான டிரிப்சின். 1970களில் ஜப்பானில் மசாதோஷி டாகேய்ச்சி கவனித்த விஷயம்: கால்சியம் இருந்தால் கேட்ஹெரின் டிரிப்சினுக்குத் தாக்குப்பிடிக்கும், இல்லாவிட்டால் வெட்டுப்பட்டுப் போகும். நாம் செல்லைப் பெயர்க்கப் பயன்படுத்துவதோ, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த டிரிப்சின். ஆகவே வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (செல்லை உடைத்துப் புரத அளவைப் பட்டையாகப் பார்க்கும் முறை) செல்லை டிரிப்சின் போட்டு எடுக்கவே கூடாது. தட்டிலேயே பனிக்கட்டி மேல் வைத்து, லைசிஸ் பஃபரை ஊற்றிச் சுரண்டி எடுக்க வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபிக்ஸ் செய்ய 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 15 நிமிடம். குளிர்ந்த மெத்தனால், டைட் ஜங்ஷன் புரதமான இசட்ஓ-1-இன் ஆன்டிபாடிக்கு அழகாக வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் மெத்தனால் பட்ட ஆக்டின் இழையில், அதைக் காட்டும் ஃபலாய்டின் சாயம் ஒட்டாது. எங்களுக்கு இரண்டும் வேண்டும், ஆக பாராஃபார்மால்டிஹைடு. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்ததும் ஃபலாய்டின்தான். விலை குறைவு, ஆன்டிபாடி தேவையில்லை, பதில் ஏமாற்றாது. கன்ட்ரோலில் ஆக்டின் செல்லின் ஓரத்தில் வளையமாக நிற்கும். இரண்டாம் நாளில் அந்த வளையம் கரைந்து, செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடித்த ஸ்ட்ரெஸ் ஃபைபர்கள் ஓடும். இசட்ஓ-1 கோடு துண்டு துண்டாகும். ஈ-கேட்ஹெரின் எல்லையை விட்டு உள்ளே இறங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இந்த மூன்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதுதான் தட்டில் பார்க்கக் கிடைக்கும் முக்கியமான பாடம். ஆக்டின் முழுசாக மாறிவிட்ட செல்லில் ஈ-கேட்ஹெரின் இன்னும் அரைகுறையாக எல்லையில் நிற்கும். பக்கத்து செல்லில் நேர்மாறாக இருக்கும். பிளாட்டில் பார்த்தால் இரண்டு செல்லையும் அரைத்துச் சராசரி காட்டும். ‘ஈ-கேட்ஹெரின் பாதியாகக் குறைந்தது’ என்று எழுதிவிட்டுப் போவோம். எல்லா செல்லிலும் பாதி குறைந்ததா, பாதி செல்லில் முழுசாகக் குறைந்ததா? இரண்டும் வெவ்வேறு உயிரியல். படம் எடுக்காமல் பிளாட் மட்டும் செய்த தரவை இப்போது நான் நம்புவதில்லை.

பிளாட்

ஈ-கேட்ஹெரின் 120 கிலோடால்டனில் வரும். அதற்குச் சற்று மேலே மங்கலாக இன்னொரு பட்டை தெரிந்தால் அது இன்னும் வெட்டி முடிக்காத முன்வடிவம், பயப்பட வேண்டாம். மீசன்கைம செல்லில் அதிகம் காணும் என்-கேட்ஹெரின் ஏறும். மீசன்கைம செல்லின் இழைப் புரதமான விமென்டினில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடைநிலை இழைகள் டிரைட்டான், என்பி-40 போன்ற மென்மையான பஃபரில் கரைவதில்லை. சென்ட்ரிஃபியூஜ் செய்ததும் அடியில் படிந்துவிடும், அதைக் குப்பையில் போட்டுவிட்டு மேல்நீரில் விமென்டினைத் தேடினால் எங்கே கிடைக்கும்? எஸ்டிஎஸ் உள்ள பஃபரில் நேராகக் காய்ச்சி, சோனிகேட் செய்து ஏற்ற வேண்டும்.

விமென்டின் கிடைத்தாலும் கொண்டாட அவசரம் வேண்டாம். பிளாஸ்டிக்கில் வளரும் பல எபிதீலிய செல்களில் கெரட்டினோடு சேர்ந்து விமென்டினும் முதலிலிருந்தே இருக்கும். இது 1970களிலிருந்தே தெரிந்த விஷயம். அளவு கூடியதா என்பதுதான் கேள்வி, இருக்கிறதா என்பது அல்ல.

கீறிப் பார்ப்பது

நெருங்கி வளர்ந்த செல் விரிப்பில் டிப்பால் ஒரு கோடு கீறி, எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்று பார்க்கும் சோதனை எல்லோரும் செய்வது. வேகத்தை வைத்து ஈஎம்டியைத் தீர்மானிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. எபிதீலிய விரிப்பும் கீறலை மூடும். சில சமயம் வேகமாகவே மூடும். கை கோர்த்தபடி முழு வரிசையாக முன்னேறும். செல் பெருகியும் இடம் நிரம்பலாம், அதனால் சீரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பார்க்க வேண்டியது மூடும் விதத்தை: முன்வரிசை உடையாமல் நகர்கிறதா, அல்லது செல்கள் வரிசையை விட்டுத் தனித்தனியாகக் காலி இடத்துக்குள் இறங்குகின்றனவா. சதவீதக் கணக்கோடு இந்தப் படத்தையும் ஒட்டச் சொல்கிறேன்.

திரும்பி வருதல்

டிஜிஎஃப்-பீட்டாவைக் கழுவி எடுத்துவிட்டு, புது மீடியத்தில் எஸ்பி-431542 தடுப்பானையும் சேர்த்து விட்டால், செல்கள் சில நாளில் மறுபடி ஒன்றுசேர்ந்து கட்டம் கட்டமாக உட்கார்ந்துவிடும். இதை எல்லா மாணவரும் கட்டாயம் செய்ய வேண்டும் என்று வைத்துவிட்டேன். ஈஎம்டி ஒருவழிப் பாதை என்று படித்துவிட்டு வருபவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மார்பகப் புற்றிலிருந்து வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறிய கட்டிகளில் ஈ-கேட்ஹெரின் மறுபடி பளிச்சென்று தெரிவது நோயியல் ஆய்வகங்களில் சாதாரணம். போகும் வழியில் மாறி, போய்ச் சேர்ந்ததும் திரும்பியது என்பது ஒரு விளக்கம். முழுசாக மாறாமலே, கூட்டமாகப் போயின என்பது இன்னொன்று. 2015இல் எலிகளில் நடந்த இரண்டு ஆய்வுகள் (ஒன்று செல்களின் பழைய அடையாளத்தைப் பின்தொடர்ந்தது, மற்றது ஈஎம்டியைத் தூண்டும் மரபணுவை நீக்கியது), பரவலுக்கு ஈஎம்டி அவசியமில்லை, மருந்துக்கு மசியாமல் இருக்கவே அது உதவுகிறது என்றன. பின்னர் மறுப்பும் வந்தது: முதல் ஆய்வு பின்தொடர்ந்த அடையாளம் எல்லா ஈஎம்டியையும் பிடிக்காது என்று. அந்த வழக்கு தட்டில் தீராது. அதே ஆண்டு சிறுநீரக நார்ப்பெருக்கத்தைப் பற்றி வந்த இரண்டு ஆய்வுகள் எனக்கு இன்னும் பிடித்தவை. சிறுநீரகக் குழாய்ச் செல்கள் பாதி மாறி, இடத்தை விட்டு நகராமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சுற்றியிருப்பதைக் கெடுக்கின்றன என்றன அவை.

ஈ-கேட்ஹெரின் போனாலே ஈஎம்டி என்று நினைப்பவர்களுக்கு ஒரு நோய் பதில் சொல்லும். மார்பகத்தின் லோபுலர் வகைப் புற்றில் அந்த மரபணுவே பெரும்பாலும் பழுதாகி, புரதம் இருக்காது. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஊடுருவும். ஆனாலும் கெரட்டினோடு எபிதீலிய செல்லாகவே நிற்கும். நேர் எதிர் உதாரணமும் உண்டு, நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கேள்விப்பட்டது: கண்புரை அறுவை முடிந்து சில மாதமோ வருடமோ கழித்துப் பார்வை மறுபடி மங்குவது. லென்ஸ் பையில் மிச்சமிருந்த எபிதீலிய செல்கள் டிஜிஎஃப்-பீட்டாவின் தூண்டுதலில் சுருங்கும் திறனுள்ள மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாகி, பின்சுவரில் படர்ந்து அதைச் சுருக்கிவிடும். யாக் லேசரால் அந்தச் சுவரில் ஓட்டை போட்டுப் பார்வையைத் திருப்புவார்கள். ஹார்வர்டின் எலிசபெத் ஹே 1982இல் கொலாஜன் ஜெல்லுக்குள் புதைத்து, மீசன்கைமமாக மாறுவதைக் காட்டிய செல்களில் ஒன்றும் இந்த லென்ஸ் எபிதீலியம்தான்.

முட்டை

தட்டோடு நிறுத்த மனமில்லை. இயற்கை இதைத் தானாகச் செய்வதையும் மாணவர்கள் பார்க்கட்டும் என்று கோழிக்கருவை எடுத்தோம். கடை முட்டை உதவாது, அது கருவுறாதது. பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டை வேண்டும். நிறுவனத்து நெறிமுறைக் குழுவிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. 38 டிகிரியில் ஈரப்பதத்தோடு இரண்டு நாள் வைத்தால், கோழிக்கருவின் வளர்ச்சிப் படிகளைச் சொல்லும் ஹாம்பர்கர்-ஹாமில்டன் அட்டவணையில் 12, 13ஆம் நிலை வரும். உடல்பகுதியை வெட்டி எடுத்து, டிஸ்பேஸ் என்ற, திசுக்களைப் பிரிக்கும் என்சைமில் சிறிது நேரம் ஊறவைத்து, டங்ஸ்டன் ஊசியால் இருபக்கத்துச் சோமைட்டுகளையும் மேல்தோலையும் உரித்தால் நரம்புக்குழாய் மட்டும் தனியாக வரும். கை நடுக்கம் குறையும்வரை இது பொறுமை கேட்கும் வேலை. பின்பகுதியில் இன்னும் செல்கள் கிளம்பாத துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைப்ரோநெக்டின் பூசிய கவர்ஸ்லிப்பில் அதை வைத்து இன்குபேட்டரில் விட்டால், மறுநாள் குழாயைச் சுற்றி ஒளிவட்டம் போல நரம்பு முகட்டு செல்கள் பரவியிருக்கும். யாரும் டிஜிஎஃப்-பீட்டா ஊற்றவில்லை. ஹெச்என்கே-1 ஆன்டிபாடி போட்டால் நடக்கும் செல்கள் மட்டும் ஒளிரும்.

இங்கேதான் பாடப்புத்தகப் பட்டியல் இடறுகிறது. ‘ஈ-கேட்ஹெரின் இறங்கும், என்-கேட்ஹெரின் ஏறும்’ என்பதுதானே பட்டியல்? நரம்புக்குழாயில் என்-கேட்ஹெரின் முன்பே நிறைய இருக்கிறது. கருவுக்குள் உடல்பகுதி முகட்டு செல்கள் கிளம்பும்போது அது ஏறுவதில்லை, இறங்குகிறது. கூடவே கேட்ஹெரின்-6பி என்பதை ஸ்னெய்ல்2 நேரடியாக அடக்குகிறது. ஸ்லக் என்று அப்போது அழைத்த இதே ஸ்னெய்ல்2-ஐ 1994இல் ஏஞ்சலா நியெட்டோவும் சகாக்களும் கோழிக்கருவில் தடுத்தபோது, முகட்டு செல்கள் சரியாகக் கிளம்பவில்லை. எங்கள் கவர்ஸ்லிப்பில் என்-கேட்ஹெரின் சாயம் குழாய்ச் செல்களின் எல்லையில் வரிசையாக நின்றது. நடந்துபோன செல்களில் முற்றாக அணையவில்லை, ஆனால் எல்லை கட்டாமல் செல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அளவை மட்டும் அளந்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஈஎம்டி ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையும் ஒன்றிரண்டு மார்க்கரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், செல்லின் நடத்தையையும் சேர்த்துப் பாருங்கள் என்றே சொல்கிறது. அதனால் மாணவர்களுக்குக் கொடுக்கும் தாளில் ‘ஈஎம்டி ஆனது, ஆகவில்லை’ என்று டிக் அடிக்கும் கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் நான்கு பத்தி: சந்திப்பு எப்படி இருக்கிறது, ஆக்டின் எங்கே ஓடுகிறது, எந்தெந்தப் புரதம் எவ்வளவு எங்கே, செல் தனியாக நகர்கிறதா சேர்ந்து நகர்கிறதா. ஒவ்வொன்றுக்கும் நேரமும், மருந்து சேர்த்தபோது தட்டு எவ்வளவு நிறைந்திருந்தது என்பதும் எழுத வேண்டும். கடைசிப் பத்தியைத்தான் பெரும்பாலும் காலியாக விட்டுத் தருகிறார்கள். அப்படி வந்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.